கடன் வாங்காமல் ஒரு 85

மாயவரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும், அபூர்வமாக வரும் ஒன்றிரண்டு தங்கைகளும் என் ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, 85-ல எது வாங்கட்டும்?" கேட்கும்போதே கையிலுள்ள போனில் ஒரு லென்ஸின் படம் திறந்திருக்கும். எஃப் 1.2, இல்லாவிட்டால் 1.4. படத்துக்குக் கீழே மாதத் தவணை எவ்வளவு என்று போட்டிருக்கும். யோசனை கேட்க வந்தவர்கள் மாதிரி இருந்தாலும் சம்மதம் வாங்கத்தான் வந்திருப்பார்கள். நான் கொடுப்பதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராப் சென்சார் கேமரா வைத்திருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். ஃபுல் ஃப்ரேம் என்றால் 85 மி.மீ. எஃப் 1.8. இரண்டுமே பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. முகம் எடுக்கும் லென்ஸுக்காக இதற்கு மேல் கடன் வாங்காதீர்கள். கல்யாண வீட்டுக்காரர்களும் இதைப் படித்தால் நல்லது. இந்தச் செலவில் பாதி அவர்கள் கேட்கும் கேள்வியால் வருகிறது.

கேமரா பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். போனில் இருக்கும் முக்கியக் கேமரா அகலப் பார்வை கொண்டது. பழைய ஃபிலிம் கணக்கில் 24, 26 மி.மீ. வரும். அதை வைத்து ஒருவர் முகத்தைப் படம் நிறைய எடுக்க வேண்டுமானால் முகத்துக்கு நேரே கையை நீட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு புடைத்து, காது பின்வாங்கி, முகமே கோணலாகும். குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்கும் அத்தை குண்டாகத் தெரிவதும் இந்த அகலப் பார்வையின் வேலைதான். அத்தை மேல் குற்றமில்லை. இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், எதிரில் உட்கார்ந்து பேசும்போது நாம் பார்க்கிற முகம் வரும். அவ்வளவு தள்ளி நின்றும் முகம் படத்தில் சிறுத்துப் போகாமல் இருக்கத்தான் 85 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சார் அந்தப் பழைய ஃபிலிம் அளவு, கிராப் சென்சார் அதைவிடச் சிறியது. ஆகவே கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் பார்வை குறுகி 75 அல்லது 80 மாதிரி நடந்துகொள்ளும். நிக்கான், சோனியில் ஒன்றரை மடங்கு, கேனானில் 1.6 மடங்கு.

இந்த வேலையை எல்லா 85-உம் செய்யும். பத்தாயிரம் ரூபாய் லென்ஸும் இரண்டு லட்சம் ரூபாய் லென்ஸும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் மூக்கு ஒரே அளவில்தான் இருக்கும். விலை ஏறுவது அந்த எஃப் என்ற எண்ணுக்காக. எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகும், வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ளது மங்கும். தம்பிகள் மயங்குவது இந்தக் கடைசிச் சமாசாரத்தில். பின்னால் மாலை மாலையாகத் தொங்கும் சீரியல் லைட் எல்லாம் வட்ட வட்டமாக உருகி, நடுவில் மணப்பெண் மட்டும் பளிச்சென்று நிற்க வேண்டும். அதற்குப் பெயர் கேண்டிட் என்று ஊரில் ஆகிவிட்டது.

வரலாற்றில் இது தலைகீழ். முறையாகக் கணிதம் போட்டு வடிவமைத்த முதல் கேமரா லென்ஸே முகம் எடுப்பதற்கானது. 1840-இல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் வடிவமைத்தார். வாய்க்ட்லெண்டர் நிறுவனம் செய்து விற்றது. அதன் எண் எஃப் 3.6-ஐ ஒட்டியது. அதற்கு முன்பு ஒரு முகம் பதிவாக நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. பெட்ஸ்வாலுக்குத் தேவைப்பட்டது வெளிச்சம். ஓரம் மங்கியதும் சுழன்றதும் அந்த வெளிச்சத்துக்காக அவர் கொடுத்த விலை. இன்று அந்த மங்கலுக்குத் தனியாக விலை கொடுக்கிறோம்.

மங்கல் எவ்வளவு வேண்டும் என்பதைத் தாலி கட்டும் நேரத்தை வைத்துப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., இரண்டு மீட்டர் தூரம். எஃப் 1.2-இல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர். 1.8-இல் 6 சென்டிமீட்டர். ஒரு முகத்தில் மூக்கு நுனியிலிருந்து காதுத் தோடு வரையே பன்னிரண்டு சென்டிமீட்டர் போல இருக்கும். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அவள் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல் போய்விடும். விரலில் வைத்தால் கண் போய்விடும். மூன்றாவது முடிச்சுப் போடக் குனியும் நாத்தனார் எப்படியும் இல்லை. ஆகவே கெட்டிமேளம் கொட்டும்போது, தொழில் தெரிந்தவர்கள் எஃப் 4-க்கோ 5.6-க்கோ போய்விடுகிறோம். 4-இல் ஆழம் 13 சென்டிமீட்டர் வரும், 5.6-இல் 18 போல. இரண்டு லட்சம் போட்டு வாங்கியவனும் அந்த நிமிடம் 4-இல்தான் எடுக்க வேண்டும். எஃப் 4-இல் எடுத்த படத்தைப் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு ஆல்பத் தாளில் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது இருபதாயிரம் ரூபாய் லென்ஸ், எது இரண்டு லட்சம் என்று பெண் வீட்டார் சொல்ல மாட்டார்கள். என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும் ஓர் இடம் உண்டு. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஆண்டு முழுக்க நடக்கின்றன. பிராகாரத்தில் ஒரே நேரத்தில் பல தம்பதிகள், வரிசையாகக் கலசங்கள், ஹோமப் புகை, ஈரத் தரை. எண்பது வயதுத் தாத்தா பாட்டிக்குப் பின்னால் பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அமெரிக்காவிலிருந்து அதற்காகவே லீவு போட்டு வந்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார். கலச நீரை ஊற்றும்போது பாட்டி கண்ணை இறுக்கிக்கொண்டு தாத்தாவின் முழங்கையைப் பிடிப்பாள். அந்தக் கை, அந்த முகம், பின்னால் வாய்விட்டுச் சிரிக்கும் பேத்தி மூன்றும் ஒரே படத்தில் இருந்தால்தான் அது அந்தக் குடும்பத்தின் படம். 1.2-இல் எடுத்துப் பேத்தியைக் கரைத்துவிட்டு, "பின்னணி சூப்பரா பிளர் ஆகியிருக்கு" என்று கொடுத்தால் என்ன அர்த்தம்? நம் ஊர்க் கல்யாணத்தில் பின்னணி என்பது மரமோ மலையோ கிடையாது. சித்தப்பாவும் பெரியம்மாவும்தான் பின்னணி. பத்து வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது, இன்றைக்கு இல்லாத யாரோ ஒருவர் அந்தப் பின்வரிசையில் நிற்கிறாரா என்றுதான் எல்லாரும் தேடுகிறார்கள்.

இதைச் சொன்னால், "அப்போ கிட் லென்ஸே போதுமே அக்கா" என்று மடக்குவார்கள். போதாது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6-தான். 1.8 அதைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். விடியற்காலை முகூர்த்தம், மேடையில் வீடியோக்காரரின் ஒற்றை விளக்கு, அதுவும் அவர் திரும்பும் பக்கம்தான் திரும்பும் என்கிற நிலையில் இந்தப் பத்து மடங்குதான் படத்தைக் காப்பாற்றும். ஆனால் 1.8-இலிருந்து 1.2-க்குப் போனால் கிடைப்பது இரண்டேகால் மடங்குதான். ஐஎஸ்ஓ-வை 3200-இலிருந்து 1600-க்கு இறக்கியதை விடச் சற்றே கூடுதலான லாபம். இன்றைய கேமராக்களில் 3200 ஒரு பிரச்சினையே இல்லை. முதல் பத்து மடங்குக்குப் பத்தாயிரமோ இருபதாயிரமோ ஆகிறது. அடுத்த இரண்டேகாலுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. கணக்கு அவ்வளவுதான்.

வெளிச்சத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது, அதை எந்த லென்ஸும் தீர்க்காது. மண்டபத்தின் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/250, 1/320 என்று வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டைகள் விழும், முகத்தின் நிறம் படத்துக்குப் படம் மாறும். 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியும் இதைத் தெரியாமல், "லென்ஸ்ல ஏதோ கோளாறு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது இடம். பெண் போட்டோகிராபர் என்பதால் மணமகள் அறைக்குள் என்னைத் தயங்காமல் விடுவார்கள். அந்த அறைகளை ஆண்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். பத்துக்குப் பத்து அடி. ஒரு கட்டில், ஒரு பீரோ, நான்கு பெட்டி, தலை பின்னும் அக்கா ஒருத்தி, நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மா. ஒருவரை இடுப்பளவு, செங்குத்தாக எடுக்க, கிராப் சென்சாரில் 85 போட்டால் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். சுவர் பத்தாவது அடியிலேயே வந்துவிடும். அதே கேமராவில் 50 போட்டால் ஏழு அடி போதும். ஃபுல் ஃப்ரேமில் 85-க்கு எட்டு அடி. 85 என்ற எண்ணைக் கேட்டுவிட்டு, தான் வைத்திருப்பது கிராப் சென்சார் என்பதை மறந்து வாங்குகிறவர்கள் கடைசியில் வாசற்படியில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். முழு உருவம் என்றால் கேட்கவே வேண்டாம். கிராப் சென்சார் 85-க்கு ஏழு மீட்டர், அதாவது மேடையிலிருந்து இறங்கி இரண்டாவது நாற்காலி வரிசை. நடுவில் மொய்க்கவரோடு ஏறுகிறவர்கள் எல்லாம் உங்கள் படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள்.

மருதாணி, மெட்டி, நெற்றிச்சுட்டி என்று கிட்டத்தில் எடுக்கவும் 50 கைகொடுக்கும். கேனானின் 50 மி.மீ. எஸ்டிஎம் 35 சென்டிமீட்டர் வரை நெருங்கும். சாதாரண 85 லென்ஸ்கள் 80, 85 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. கேனானின் புதிய ஆர்எஃப் 85 எஃப் 2 மட்டும் பாதி மேக்ரோ, அதுவும் 35 சென்டிமீட்டர் வரை போகும். மிரர்லெஸ் வைத்திருந்து, கையில் பணமும் இருப்பவர்கள் அதை யோசிக்கலாம்.

இவ்வளவு மலிவாக இருக்கிறதே, நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். 50 எஃப் 1.8 மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் வடிவம் மிகப் பழையது என்பதுதான். 1896-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் செய்த பிளானார் லென்ஸின் வழிவந்தது அது. கேனானின் 50-இல் ஆறே ஆறு கண்ணாடிகள். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லாத, லட்சக்கணக்கில் செய்து செய்து பழகிப்போன பொருள். 1990-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் பாடியில் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். உள்ளே வாயைச் சுருக்கும் இதழ்கள் ஐந்துதான் என்பதால், எஃப் எண்ணைக் கூட்டினால் பின்னால் இருக்கும் விளக்குகள் ஐங்கோணமாகத் தெரியும். 2015-இல் வந்த எஸ்டிஎம் வடிவத்தில் உலோக வளையம், ஏழு இதழ்கள். எடை 160 கிராம். பழையதில் வாங்கினால் எஸ்டிஎம்தானா என்று பார்த்து வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

85-இல் கேனானின் இஎஃப் 85 எஃப் 1.8 யுஎஸ்எம் 1992-இல் வந்தது. 425 கிராம். இன்றைய கேனான் மிரர்லெஸ் பாடியிலும் அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது. முப்பது வருடம் தாண்டிய ஒரு பொருள் இன்றைய புத்தம்புது பாடியில் ஓடுவதைவிட நம்பகம் என்று எதைச் சொல்வது? நிக்கானில் 2012-இல் வந்த 85 எஃப் 1.8 ஜி, 350 கிராம். சோனிக்காரர்களுக்கு 2017-இல் வந்த எஃப்இ 85 எஃப் 1.8, 371 கிராம். எடையைச் சும்மா சொல்லவில்லை. சிக்மா டிஎஸ்எல்ஆருக்கென்று செய்த 85 எஃப் 1.4 ஆர்ட் ஒரு கிலோவுக்கு மேல். வரவேற்பு மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, சாப்பாடு முடிந்து, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் முடியும் வரை ஒரே கழுத்தும் ஒரே மணிக்கட்டும்தான் இதைச் சுமக்கின்றன.

பழைய வடிவ 85-களில் ஒரு குறை சொல்ல வேண்டும். முழுதாகத் திறந்து எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளை வேட்டியின் ஓரத்திலும் சரிகையிலும் ஊதாக் கோடு விழும். 2.8-க்கு வந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும், மிச்சத்தைக் கணினியில் ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம். இதற்காக லட்சம் செலவு செய்ய வேண்டியதில்லை.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது, மலிவு தேடும் தம்பிகள் அதில் விழுகிறார்கள். பழைய 85 எஃப் 1.8 டி லென்ஸில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் மாட்டும், ஆனால் ஃபோகஸைக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். தாலி கட்டும்போது யாருக்கு அதற்கு நேரம்? அந்த பாடிகளுக்கு ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

நான் நம்பகம் என்று சொல்வது கூர்மையைப் பற்றியதே இல்லை. கூர்மை இன்றைக்கு எல்லா லென்ஸிலும் இருக்கிறது. மாலை மாற்றும்போது இரண்டு மாமன்களும் தூக்கிக்கொண்டு ஆட, பத்து முறை அழுத்தினால் ஒன்பது முறை கண்ணில் ஃபோகஸ் நிற்கிறதா என்பதே நம்பகம். பழைய லென்ஸை வாங்கும்போது இதைச் சோதிக்கக் கடையிலேயே வழி இருக்கிறது. தையல்காரர் டேப்பை மேசையில் நீளமாக விரித்து, சாய்வாக நின்று, 30 என்ற எண்ணில் ஃபோகஸ் வைத்து 1.8-இல் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் 30 தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 32 தெளிவாக, 30 மங்கலாக வந்தால் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகவில்லை. கேனான் 80டி, நிக்கான் டி7200 போன்ற டிஎஸ்எல்ஆர்களில் இதைச் சரிசெய்யும் வசதி மெனுவில் இருக்கிறது. 1500டி, டி5600 ஆகியவற்றில் இல்லை. அப்படிப்பட்ட பாடி வைத்திருப்பவர்கள் அந்த லென்ஸை வைத்துவிட்டு வேறு பாருங்கள். ஒரு முறை 28, ஒரு முறை 33 என்று மாறி மாறி வந்தால் யாருக்குமே அது வேண்டாம். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் ஒரே பக்கமாகத் தள்ளிப்போகும் சிக்கல் கிடையாது.

பிறகு பூஞ்சை. டெல்டாக்காரர்களுக்கும் கடற்கரைக்காரர்களுக்கும் இது முதல் எதிரி. ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. நனைந்த பையிலேயே லென்ஸ் ஒரு மாதம் இருட்டில் கிடக்கும். தை பிறந்து வெளியே எடுத்தால் கண்ணாடியில் வெள்ளை நூல் ஓடியிருக்கும். பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலையில்லை. நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். துடைத்துக் கொடுத்தாலும், பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்ற தடம் போகாது. வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டால் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கிறதா என்று தெரியும். அரிசி டப்பாவில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், மாவுத்தூசிதான் மிச்சம்.

மிச்சப்படும் பணத்தை என்ன செய்வது? முதலில் இன்னொரு பாடி, பழையதாக இருந்தாலும் சரி. முகூர்த்த நேரத்தில் ஒரு கேமரா நின்றுபோனால் அதற்கு மன்னிப்பு கிடையாது. தாலியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அடுத்து ஒரு ஃபிளாஷ், மெமரி கார்டுகள், படங்களை இரண்டு இடத்தில் சேமிக்க இரண்டு ஹார்ட் டிஸ்க். வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் சிறுமிக்கு லென்ஸ் எது, மனிதர் எது என்று தெரியாது. ஹோமத்தில் நெய்ப்புகை கண்ணாடியில் படலமாகப் படியும். ஆகவே நல்ல யூவி ஃபில்டர் ஒன்றும் வேண்டும். கேனான் இஎஃப் 85 எஃப் 1.8-க்கு 58 மி.மீ., நிக்கான் 85 ஜி-க்கு 67 மி.மீ. அளவு. வேட்டி நுனியால் துடைக்கிற பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

விலை உயர்ந்த லென்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. இரவில் திறந்தவெளியில் தனியாக ஒரு ஜோடியை நிறுத்தி எடுக்கும் படங்களில் 1.2-க்கு ஓர் அழகு உண்டு, அதை மறுக்க மாட்டேன். அப்படிக் கேட்கும் வீட்டுக்கு அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகையை வெளிப்படையாக பில்லில் எழுதி வாங்குங்கள். வருடத்தில் சில இரவுகளுக்குத் தேவைப்படும் பொருளுக்கு இருபத்து நான்கு மாதம் தவணை கட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. தவணைக்கு ஆடி தெரியாது, மார்கழி தெரியாது. நம் வருமானத்துக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். தவணை கட்ட வேண்டும் என்பதற்காகவே குறைந்த கூலிக்குக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, ஒரே நாளில் இரண்டு மண்டபம் ஓடி, இரண்டையும் கெடுக்கிறவர்களைப் பார்க்கிறோம். ஊரில் கூலி சரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாண வீட்டாருக்கு ஒன்று. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, "எந்தக் கேமரா, என்ன லென்ஸ்?" என்று கேட்கிறீர்கள். யாரோ சொல்லிக்கொடுத்த கேள்வி அது. பதில் வந்தாலும் அதை வைத்து உங்களால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதிலாக, அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை காட்டச் சொல்லுங்கள். போனில் காட்டும் பொறுக்கிய இருபது படங்களை நம்பாதீர்கள். தாலி கட்டும் படத்தில் பெண்ணின் கண்ணும் மாப்பிள்ளையின் கையும் இரண்டுமே தெளிவாக இருக்கின்றனவா? பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் முகம் பதிவாகியிருக்கிறதா? கேமரா நின்றுபோனால் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். படங்களை எத்தனை இடத்தில் சேமித்து வைப்பார் என்று கேளுங்கள்.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் கடைசியாக: வாங்குவதானால் ஆடியில் வாங்குங்கள். வேலை இல்லாத மாதம். கைமாற்றி விடுகிறவர்கள் அப்போதுதான் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு போய் எஃப் 1.8, 2.8, 4 என்று மூன்றிலும் முகங்களாக எடுத்துப் பழகுங்கள். கோளாறு இருந்தால் திருப்பிக் கொடுக்கவோ சர்வீஸுக்கு அனுப்பவோ ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் நேரம் இருக்கும்.